புரதத்தின் கட்டமைப்பு: பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். புரதப் பாடம் நடக்கும் கிழமையில், வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போன பழைய பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் அதையேதான் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லதென்று பட்டது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சேர், புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற சத்து. அதற்குக் கட்டமைப்பு என்று என்ன இருக்கிறது?

பால்மாப் பெட்டியின் பின்பக்கத்தில் புரதம் இத்தனை கிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பழகியதால் வரும் கேள்வி இது. சாப்பாட்டுக் கணக்கில் அது கிராம்தான். உயிருள்ள கலத்துக்குள் போனால் கிராமுக்கு வேலை இல்லை, வடிவத்துக்குத்தான் வேலை. இதை வாசிக்கும் உங்கள் கண்வில்லை ஒளி ஊடுருவும்படி தெளிவாக இருப்பது ஒரு வகைப் புரதத்தால், போனைப் பிடித்திருக்கும் விரல் மடங்குவது இன்னும் இரண்டு வகைப் புரதம் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால், மத்தியானம் தின்ற சோறு செரிப்பது நொதியம் என்ற புரதங்களால். ஒவ்வொன்றுக்கும் தன் வேலைக்கேற்ற வடிவம் உண்டு. ஒரு முட்டையை அவித்துப் பாருங்கள். புரதம் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் அதிலிருந்து இனிக் குஞ்சு வராது. போனது வடிவம் மட்டும்தான்.

அமினோ அமிலம் 20 தானே. அதை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை ஆயிரம் புரதம்?

புரதம் என்பது அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த சங்கிலி. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தெளியும். 100 அமினோ அமிலம் கோர்த்த ஒரு சின்னச் சங்கிலியை எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 20 தெரிவு, அப்படியென்றால் 20ஐ 20ஆல் நூறு இடத்துக்குப் பெருக்க வேண்டும். வரும் எண்ணை எழுத 1 போட்டு அதற்குப் பின்னால் கிட்டத்தட்ட 130 பூச்சியம் வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா உயிரும் சேர்ந்து பாவிப்பது அதில் ஒரு துளி.

அமினோ அமிலம் ஒன்றின் உடம்பு எளிதானது. நடுவில் ஒரு காபன், அதற்கு நாலு கை. ஒரு கையில் அமினோ கூட்டம், ஒரு கையில் காபொட்சைல் கூட்டம், ஒரு கையில் ஒரு ஐதரசன். இந்த மூன்றும் எல்லாருக்கும் பொது. நாலாவது கையில் இருக்கும் பக்கச் சங்கிலிதான் ஆளுக்கு ஆள் மாறும். புரோலீன் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும், அதன் பக்கச் சங்கிலி திரும்பி வந்து தன் நைதரசனையே பிடித்துக்கொண்டிருக்கும்.

20 பெயரையும் முதல் நாளே பாடமாக்க வேண்டாம் என்று நான் பிள்ளைகளிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். முதலில் குணத்தைப் பிடியுங்கள். எண்ணெய்க் குணம் உள்ளவை, நீரோடு ஒட்டுபவை, நேரேற்றம் உள்ளவை, மறையேற்றம் உள்ளவை. இந்த நாலு குணமும் மனதில் நின்றால் பின்னால் வரும் அத்தனைக்கும் காரணம் தானாகத் தெரியும், பெயர்கள் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

பெப்தைட்டுப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்புத்தானே, பிறகு ஏன் அது சுழலாது என்கிறார்கள்?

ஓர் அமினோ அமிலத்தை அடுத்ததோடு கோர்க்கும் பிணைப்பு அது. படத்தில் ஒற்றைக் கோடுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் காபன், ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பின் இலத்திரன்கள் இங்கேயும் கொஞ்சம் பரவி நிற்பதால் அது பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி நடந்துகொள்கிறது. அதனால் அந்தப் பிணைப்பைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரு சின்னத் தகடுபோல ஒரே தளத்தில் கிடக்கும். சங்கிலி முழுக்கத் தகடு, மூட்டு, தகடு, மூட்டு. திரும்புவது மூட்டில், அதாவது ஒவ்வோர் அமினோ அமிலத்தின் நடுக் காபனில், மட்டும். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு கோணம் உண்டு, அந்த இரண்டும்கூட நினைத்தபடி திரும்பாது, அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும்.

எந்தக் கோணத்தில் முட்டும், எதில் முட்டாது என்று முதன்முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டு வரைந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில், 1963ல். ஜி.என். இராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற மூவர். இன்றைக்கும் உலகத்தில் எங்கே ஒரு புரதத்தின் கட்டமைப்பைக் கண்டுபிடித்தாலும் அது சரியா பிழையா என்று பார்க்க அந்த வரைபடத்தில்தான் போட்டுப் பார்க்கிறார்கள், பெயரே இராமச்சந்திரன் வரைபடம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்த வேலை இது. பௌலிங், சாங்கர் என்று பெயர்களைப் பாடமாக்கும் எங்கள் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டதே இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத கவலை, அதனால் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் பெரிதாக எழுதுகிறேன்.

நாலு நிலைக் கட்டமைப்பையும் குழப்பாமல் சொல்லித் தாருங்கள்.

பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். நான் இங்கே முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை, நான்காம்நிலை என்றே சொல்கிறேன். பரீட்சையில் உங்கள் பாடநூலில் உள்ள சொல்லை எழுதுங்கள்.

முதல்நிலை என்பது வரிசை. எந்த அமினோ அமிலத்துக்குப் பின்னால் எது என்பது மட்டும். இப்படி ஒரு நிலையான வரிசை உண்டென்பதே ஒரு காலத்தில் நிச்சயமாகத் தெரியாது. பிரெட் சாங்கர் என்ற ஆங்கிலேயர் பத்து வருடத்துக்கு மேல் இன்சுலினோடு மல்லுக்கட்டி 1955ல் அதன் முழு வரிசையையும் எழுதி முடித்தார். 51 அமினோ அமிலம், ஒரு சங்கிலியில் 21, மற்றதில் 30. அதற்கு 1958ல் நோபல் பரிசு.

இரண்டாம்நிலை என்பது சங்கிலியின் முதுகெலும்பு, அதாவது பக்கச் சங்கிலிகள் நீங்கலான நடுத்தண்டு, தனக்குள்ளேயே ஐதரசன் பிணைப்புப் போட்டுக்கொள்வதால் ஆங்காங்கே வரும் ஒழுங்கான பகுதிகள். சுருளி ஒன்று, மடிப்புத்தாள் இன்னொன்று. இங்கே பக்கச் சங்கிலிகளுக்கு நேரடிப் பங்கு இல்லை. இதை இரண்டு தடவை வாசியுங்கள், ஏனென்றால் விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் சிவப்புக் கோடு போடுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாம்நிலை என்பது அந்தச் சுருளியும் தாளும் இடையில் உள்ள வளைவுகளும் சேர்ந்து முழுச் சங்கிலியும் முப்பரிமாணத்தில் அடங்கி நிற்கும் விதம். இங்கேதான் பக்கச் சங்கிலிகள் பேசுகின்றன. எண்ணெய்க் குணம் உள்ளவை உள்ளே ஒதுங்கும், நேரும் மறையும் ஒன்றையொன்று இழுக்கும், கந்தகம் உள்ள சிஸ்தீன் என்ற அமினோ அமிலம் இரண்டு பக்கத்தில் வந்தால் கந்தகமும் கந்தகமும் கைகோர்த்து இருசல்பைட்டுப் பிணைப்பு வரும்.

நான்காம்நிலை என்பது இப்படி மடிந்த சங்கிலிகள் ஒன்றுக்கு மேல் கூடி நிற்பது. ஈமோகுளோபினில் அல்பா இரண்டு, பீற்றா இரண்டு, மொத்தம் நாலு சங்கிலி, 574 அமினோ அமிலம். ஒரு சங்கிலி ஒட்சிசனைப் பிடித்தவுடன் மற்ற மூன்றும் இலேசாக அசைந்து அடுத்த ஒட்சிசனைப் பிடிப்பதற்கு இன்னும் இலகுவாகின்றன. தனித்தனியாக இருந்தால் இந்த ஒத்துழைப்பு வராது.

இதையெல்லாம் படிக்கட்டு மாதிரி நினைக்க வேண்டாம். புரதம் முதலில் ஒன்றாம் படியை முடித்து, மறுகா இரண்டாம் படி, மறுகா மூன்றாம் படி என்று ஏறுவதில்லை. கலத்துக்குள் சங்கிலி தயாராகிக்கொண்டிருக்கும்போதே தலைப்பக்கம் மடியத் தொடங்கிவிடும், சுருளி வருவதும் எண்ணெய்ப் பக்கம் உள்ளே ஒதுங்குவதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடக்கும். நாலு நிலை என்பது நாங்கள் பார்ப்பதற்கு வசதியாகப் பிரித்த நாலு பார்வை. இருப்பது ஒரே சங்கிலி.

எல்லாப் புரதத்துக்கும் நான்காம்நிலை உண்டா?

இல்லை. தசையில் ஒட்சிசனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் 153 அமினோ அமிலம் உள்ள ஒற்றைச் சங்கிலி. மூன்றாம்நிலையோடு சரி.

சுருளியைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லுங்கள் சேர்.

1948. லைனஸ் பௌலிங் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் ஒக்ஸ்போர்டுக்கு வந்த இடத்தில் தடிமன் பிடித்துப் படுத்துவிட்டார். வாசிக்க வைத்திருந்த துப்பறியும் கதைகள் அலுத்துப்போக, ஒரு தாளை எடுத்துப் புரதச் சங்கிலியை நீளமாக வரைந்து, சரியான கோணங்களில் மடித்து மடித்துப் பார்த்தார். பெப்தைட்டுத் தகடு திரும்பாது என்பது அவருக்குத் தெரியும், மற்றவர்கள் பலர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு போக, ஓர் இடத்தில் முதுகெலும்பின் ஒட்சிசன் நாலு அமினோ அமிலம் தள்ளி இருக்கும் ஐதரசனுக்கு நேரே வந்து நின்றது. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். முழு எண்ணாக வரவேண்டும் என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த எண் இது. 1951ல் கோரி, பிரான்சன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டார்.

நீங்களும் செய்யலாம். பில் போடும் கடதாசிச் சுருளில் இருந்து ஒரு நீள்துண்டு போதும். வகுப்பில் செய்ய வைக்கும்போது, பாடத்தில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைதான் பெரும்பாலும் முதலில் சரியாகச் சுருட்டுகிறது.

சரி, சங்கிலியை மடிப்பது யார்? உள்ளே ஏதும் இயந்திரம் இருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பெரும்பாலும் மடிப்பது தண்ணீர்.

ஆணத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்ன வட்டங்கள், கரண்டியால் இலேசாகத் தொட்டால் இரண்டு வட்டம் ஒன்றாகும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் கூடி ஒரு பெரிய படலமாகும். எண்ணெய்க்கு எண்ணெயின்மேல் பெரிய பாசம் என்று நினைக்க வேண்டாம். எண்ணெயைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் தங்கள் வழக்கமான ஐதரசன் பிணைப்புகளைப் போட முடியாமல் ஒடுங்கி, வரிசைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு துளி ஒன்றானால் அப்படி ஒடுங்கி நிற்கும் நீரின் தொகை குறையும், மிச்சம் விடுதலையாகும். நீர் தன் விடுதலைக்காக எண்ணெயை ஒதுக்குகிறது.

புரதச் சங்கிலியிலும் இதேதான். எண்ணெய்க் குணமுள்ள பக்கச் சங்கிலிகளை நீர் உள்ளே தள்ளுகிறது, நீரோடு ஒட்டுபவை வெளியே நிற்கின்றன, இடையில் சங்கிலி மடிந்து உருண்டுவிடுகிறது. எந்த இடத்தில் எண்ணெய்க் குணம் என்பது வரிசையில் எழுதியிருக்கிறது, ஆகவே எப்படி மடிய வேண்டும் என்பதும் வரிசையிலேயே எழுதியிருக்கிறது.

இதை நிரூபித்தவர் கிறிஸ்ரியன் அன்பின்சன். எடுத்துக்கொண்ட நொதியம் ரைபோநியூக்கிளியேஸ், 124 அமினோ அமிலம், நாலு இருசல்பைட்டுப் பிணைப்பு. யூரியாவும் கந்தகப் பிணைப்பை வெட்டும் ஒரு பொருளும் சேர்த்து அதை முழுக்கக் குலைத்தார், வேலை செய்வது நின்றது. பிறகு இரண்டையும் மெல்ல மெல்ல அகற்றினார். நொதியம் தானாகத் திரும்பி மடிந்து பழையபடி வேலை செய்தது. எட்டு சிஸ்தீன் சோடி சேர 105 வழி உண்டு, அதில் சரியானது ஒன்றே ஒன்று. அது அந்த ஒன்றைத்தான் தேடிப் பிடித்தது. யூரியாவை எடுக்காமல் கந்தகப் பிணைப்பை மட்டும் போடவிட்டபோது வேலைத்திறன் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் திரும்பியது, அதாவது குருட்டுத்தனமாகச் சோடி சேர்ந்தால் என்ன வருமோ அது. இந்தப் பரிசோதனையை முதல்முறை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1972ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

உதவியாளர்கள் இல்லாமலும் இல்லை. கலத்துக்குள் நெரிசல் அதிகம், பாதி மடிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத் துணைப்புரதங்கள் இருக்கின்றன. அவை மறைவிடம் கொடுக்கின்றன, எந்த வடிவத்துக்கு மடிய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

அப்படியென்றால் அவித்த முட்டை ஏன் திரும்பவும் பச்சை முட்டையாகாது?

நல்ல பிடி. அன்பின்சன் செய்தது மிக ஐதான கரைசலில், சங்கிலிக்குச் சங்கிலி தூரம் இருந்தது. முட்டை வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு புரதம், நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. 60 பாகை செல்சியஸ் தாண்டியதும் சில புரதங்கள் குலையத் தொடங்கும், உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய்ப் பகுதிகள் வெளியே வரும், பக்கத்துச் சங்கிலியின் எண்ணெய்ப் பகுதியோடு போய் ஒட்டும், கந்தகங்கள் கண்ட கண்ட இடத்தில் கைகோர்க்கும். எல்லாம் சேர்ந்து ஒரு வலை. வலையின் கண்களுக்குள் தண்ணீர் அகப்பட்டுக்கொள்ளும். வலை ஒளியைச் சிதறடிப்பதால்தான் கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளை பால் நிறமாகிறது. ஆறவிட்டாலும் அந்தச் சிக்கல் அவிழாது. 2015ல் கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து, அவித்த வெள்ளையை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் குழாயில் இழுத்து விரித்து, அதிலிருந்த லைசோசைம் என்ற ஒரு புரதத்தை மட்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். முழு முட்டையை இல்லை.

இப்படி வடிவம் குலைவதற்குப் பெயர் இயல்பழிதல். பரீட்சைக்கு ஒரு வரி: இயல்பழியும்போது இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலைகள் குலையும், முதல்நிலை அப்படியே இருக்கும். பெப்தைட்டுப் பிணைப்பு அவிப்பதால் அறாது.

எங்கள் எருமைத் தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கிறதே, அதுவும் இந்த இயல்பழிதல்தானா?

பாதிதான். இதற்கு முழு விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசீன். வழக்கமான புரதங்கள் மாதிரி இறுகி மடிந்தது இல்லை, தளர்வாகவே இருப்பது. கல்சியமும் பொசுபேற்றும் சேர்த்து ஆயிரக்கணக்கில் கூடிச் சின்ன உருண்டைகளாகப் பாலில் மிதக்கும். ஒவ்வோர் உருண்டையின் மேலும் மறையேற்றம், அதனால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும், பால் திரவமாக இருக்கும். முந்தின நாள் தயிர் ஒரு கரண்டி விட்டால் அதிலிருக்கும் பற்றீரியா பாற்சீனியைத் தின்று லக்ரிக் அமிலத்தை விடும். பி.எச். 6.7 அளவிலிருந்து இறங்கி இறங்கி 4.6ஐ நெருங்கும்போது அந்த ஏற்றம் இல்லாமல் போகிறது. தள்ளி நின்றவை ஒட்டத் தொடங்கும். ஆகவே கேசீனுக்கு நடப்பது ஏற்றம் இழந்து கூடிக்கொள்வது. குலைவதற்கு அதில் இறுகிய மடிப்பே பெரிதாக இல்லை.

மற்றப் பாதி அடுப்பில் நடக்கிறது. உறை போடுவதற்கு முன் பாலைக் காய்ச்சுகிறோமே, அப்போது 70, 80 பாகை தாண்டும்போது பீற்றா லக்ரோகுளோபுலின் என்ற இன்னொரு புரதம் உண்மையாகவே இயல்பழிகிறது. அது குலைந்து, தன் கந்தகக் கையை நீட்டி, கேசீன் உருண்டைகளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு உறையும்போது வலை இன்னும் நெருக்கமாகவும் உறுதியாகவும் வரும், நீரை நன்றாகப் பிடித்துவைக்கும். காய்ச்சாமல் உறைய வைத்த பால் தளதளவென்று இருப்பதற்கும், நன்றாகக் காய்ச்சிய பாலின் தயிர் கத்தியால் வெட்டினமாதிரி நிற்பதற்கும் காரணம் இது. எருமைப் பாலில் பசுப்பாலைவிடக் கேசீனும் கொழுப்பும் கூட, மண்சட்டி கொஞ்சம் நீரையும் உறிஞ்சிவிடும்.

என் அம்மம்மா பால் பொங்கின பிறகும் இறக்கமாட்டா. அடுப்பைத் தணித்து, அகப்பையால் கிண்டிக் கிண்டி, பால் கரண்டியின் முதுகில் ஒட்டும்வரை நிற்பா. பீற்றா லக்ரோகுளோபுலினுக்கு அந்த நேரம் தேவை என்று எனக்குப் பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்தது.

இறால், நண்டு அவிந்தால் ஏன் சிவக்கிறது?

சிவப்பு முதலே இருக்கிறது. அசுற்றாசாந்தின் என்ற செம்மஞ்சள் நிறப்பொருள் ஓட்டில் ஒரு புரதத்துக்குள் இறுகப் பிடிபட்டுக் கிடக்கும், அப்படிப் பிடிபட்டிருக்கும்போது நீலச் சாயலாகத் தெரியும். வாவி இறாலின் அந்தச் சாம்பல் பச்சை நிறம் இப்படி வருவது. சூட்டில் புரதம் குலைந்து பிடி விட்டுவிடுகிறது, நிறப்பொருள் தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. மூன்றாம்நிலை குலைவதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் ஆய்கூடம் தேவையில்லை, இறாலைச் சட்டியில் போட்டு முதல் ஒரு நிமிடம் கண் எடுக்காமல் பாருங்கள்.

இறைச்சிக்குப் பப்பாசிக்காய் போடுவதும் அதே மாதிரியா?

இல்லை, இது வேறு. பப்பாசிப் பாலில் உள்ள பப்பெயின் என்ற நொதியம் பெப்தைட்டுப் பிணைப்பையே வெட்டுகிறது. முதல்நிலை துண்டாகிறது. குலைவதும் அறுவதும் ஒன்றில்லை என்பதற்கு எழுதத்தக்க உதாரணம்.

பிட்டு உதிர்கிறது, ரொட்டி மா இழுபடுகிறது. இரண்டும் மாதானே?

கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதம். நீர் விட்டுப் பிசையும்போது குளூட்டெனின் சங்கிலிகள் இருசல்பைட்டுப் பிணைப்பால் நீள நீளமாகத் தொடுத்துக்கொண்டு இழுவையைக் கொடுக்கும், கிளையடின் வழுக்கலைக் கொடுக்கும். கொத்துரொட்டிக் கடையில் மா உருண்டையை எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுவைப்பார்கள். பிசையும்போது விறைத்துப்போன அந்த வலை தளர்வதற்கு நேரம் வேண்டும், இல்லாவிட்டால் வீசி விரிக்கும்போது சுருங்கிச் சுருங்கி வரும். அரிசி மாவில் இப்படி வலை பின்னும் புரதங்கள் இல்லை, அதனால் பிட்டு பிட்டாகவே இருக்கிறது.

தலைமுடியை அயன் பண்ணினால் ஒரு நாளில் சுருள்கிறது, சலூனில் மருந்து போட்டால் மாதக்கணக்கில் நிற்கிறது. ஏன்?

முடி கெரற்றின் என்ற புரதம், அல்பா சுருளிகள் கயிறு மாதிரி முறுக்கி அடுக்கியது. சூடும் ஈரமும் மாற்றுவது ஐதரசன் பிணைப்புகளை. அவை மழைக்காற்றுப் பட்டாலே திரும்பிவிடும், மார்கழி மாதம் கல்லடிக் கடற்கரைக்குப் போனால் தெரியும். சலூன் மருந்துகளில் ஒரு வகை இருசல்பைட்டுப் பிணைப்புகளை வெட்டும். முடியை நேராக இழுத்து வைத்த பிறகு இரண்டாவது மருந்து புதிய இடங்களில் பிணைப்பைப் போடும். அது வன்மையான பிணைப்பு, இலேசில் மாறாது. புதிதாக வளரும் முடி பழைய வரிசைப்படி சுருண்டுதான் வரும்.

ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் என்ன குறைந்துவிடும்?

சில இடத்தில் ஒன்றுமில்லை. சில இடத்தில் உயிரே போகலாம். ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூத்தாமிக் அமிலம் இருக்க வேண்டும், மறையேற்றம் உள்ளது. அங்கே எண்ணெய்க் குணமுள்ள வலீன் வந்துவிட்டால் அரிவாள் வடிவ செங்கல நோய், அதாவது இரத்தத்தின் சிவப்புக் கலங்கள் அரிவாள் மாதிரி வளையும் நோய். மேற்பரப்பில் ஓர் எண்ணெய்ப் பொட்டு, ஒட்சிசனை விட்ட நேரத்தில் பக்கத்து ஈமோகுளோபினின் ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்தும், அது அடுத்ததோடு, அது அடுத்ததோடு. நீளமான நார்களாகி செங்கலத்தையே வளைத்துவிடும். இந்த ஒற்றை மாற்றத்தை 1950களில் கண்டுபிடித்தவர் வேர்னன் இங்கிராம்.

எங்கள் நாட்டோடு நெருங்கியது ஈமோகுளோபின் ஈ. அதே சங்கிலியில் 26ஆவது இடத்தில் குளூத்தாமிக் அமிலத்துக்குப் பதில் லைசீன். அது மட்டும் இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை, பீற்றா தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் பரம்பரையலகோடு சேர்ந்து ஒரு பிள்ளைக்கு வந்தால் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம். கல்யாணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று பாடத்தின் நடுவில் நான் சொல்வது இதனால்தான், பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரித்தாலும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அம்மாவின் இன்சுலினை ஏன் இவ்வளவு பத்திரமாக வைக்க வேண்டும்? மருந்துதானே?

மருந்துதான், ஆனால் அது மடிந்த புரதம். திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் மெல்ல மெல்லக் குலைந்து, சங்கிலிகள் தாள் மாதிரி அடுக்கி நார்களாகும். பலமாகக் குலுக்கினாலும் அப்படி ஆகலாம், ஆகவே உள்ளங்கையில் வைத்து உருட்டச் சொல்வார்கள். உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்கவே கூடாது, பனிக்கட்டிப் பெட்டியின் மேல்தட்டோடு ஒட்டி வைக்காதீர்கள்.

எங்கள் அம்மாவும் இன்சுலின் போடுபவர். மின்சாரம் நீண்ட நேரம் நின்ற நாட்களில் போத்தலை ஒரு பொலித்தீன் பையில் கட்டி, உள்ளே நீர்படாத சின்னச் சட்டியில் வைத்து, அதை ஈரமணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் இறக்கி, நிழலில் வைத்தோம். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். குளிர்பெட்டிக்கு இது ஈடில்லை, ஆனால் சித்திரை வெயிலில் மேசைமேல் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியோ பொட்டுப் பொட்டாகவோ தெரிந்தால் ஊசியில் எடுக்க வேண்டாம், மருந்தாளரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள்.

இப்போது கணினியே வடிவத்தைச் சொல்லிவிடுகிறதாமே. பிறகு நாங்கள் ஏன் இதைப் படிக்க வேண்டும்?

அல்பாபோல்டைச் சொல்கிறீர்கள். வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கணித்துத் தரும். 2020ல் நடந்த போட்டியில் அது காட்டிய துல்லியத்தைக் கண்டு துறையே அதிர்ந்தது, 2022ல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பை எல்லாரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள். 2024ன் இரசாயன நோபலில் பாதி அதை உருவாக்கிய ஹசாபிசுக்கும் ஜம்பருக்கும், மற்றப் பாதி புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் போனது.

அது கற்றது எதிலிருந்து? 1971ல் வெறும் ஏழு கட்டமைப்போடு தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து. ஐம்பது வருடமாக ஆட்கள் பளிங்கு வளர்த்து, எக்ஸ்கதிர் அடித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தது அது. கணினி ஒரு வடிவத்தைத் தரும். அந்த வடிவத்தில் ஏன் இந்த இடத்தில் புரோலீன், அங்கே வலீன் வந்தால் ஏன் நோய் என்று கேட்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, முன்பு ஒரு கட்டமைப்பைப் பார்க்க வெளிநாட்டு ஆய்கூடம் வேண்டும். இன்றைக்கு வாழைச்சேனையில் ஒரு பிள்ளை போனில் ஈமோகுளோபினைத் திறந்து விரலால் சுழற்றிப் பார்க்கலாம், காசு இல்லாமல். செய்து பாருங்கள், ஒரு கிழமை பாடத்தைவிட அந்தப் பத்து நிமிடம் கூடச் சொல்லித்தரும்.

கடைசியாக ஒன்று. மீன் ஆணம் அடுத்த நாள் காலையில் கூழ் மாதிரிக் கட்டியாக இருக்கிறது, சூடாக்கினால் திரும்பத் தண்ணீராகிறது. முட்டை திரும்பாது, இது மட்டும் எப்படித் திரும்புகிறது?

தோலிலும் முள்ளைச் சுற்றியும் இருக்கும் கொலாஜன் அது. மூன்று சங்கிலி ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. இந்த மும்முறுக்கு வடிவத்தையும் 1954, 55ல் சென்னையில் இருந்து சொன்னவர் அதே இராமச்சந்திரன்தான், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் இருக்கும், ஏனென்றால் கயிற்றின் நடுவில் அதைவிடப் பெரிதாக எதற்கும் இடமில்லை.

கொதிக்கும் ஆணத்தில் கயிறு பிரிந்து மூன்று இழையும் தனித்தனியாக நீந்தும், அதுதான் ஜெலற்றின். ஆறும்போது இழைகள் திரும்பவும் முறுக்கப் பார்க்கும், ஆனால் பழைய துணையைத் தேடிப் பிடிக்க முடியாது, பக்கத்தில் கிடைத்த இழையோடு அங்கங்கே கொஞ்சத் தூரம் மட்டும் முறுக்கிக்கொள்ளும். அப்படி ஆங்காங்கே முடிச்சு விழுந்த வலைதான் காலையில் நீங்கள் காணும் கூழ். அந்த முடிச்சுகளைப் பிடித்து வைத்திருப்பது ஐதரசன் பிணைப்புகள், முட்டையில் மாதிரிக் கந்தகப் பிணைப்புகள் இல்லை. அதனால் அடுப்பில் வைத்துக் கொஞ்சம் சூடு ஏறியதுமே எல்லாம் அவிழ்ந்துவிடும். திருக்கை ஆணம் வைத்த மறுநாள் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கை சூட்டுக்கே ஓரத்திலிருந்து உருகத் தொடங்கும்.